மாரடைப்புக்குப் பின் வரும் நாற்பது நாட்கள்



மாரடைப்பு என்றவுடன் நம் எண்ணம் முதல் சில மணி நேரங்களின்மீதே செல்கிறது. அது நியாயமே. அடைபட்ட இரத்தக் குழாயை எவ்வளவு விரைவில் திறக்கிறோமோ, அவ்வளவுக்கு இருதயத் தசை பிழைக்கிறது. ஆனால், அந்த மணி நேரங்களைக் கடந்து உயிருடன் வீடு திரும்பியவரின் நிலை என்ன? யார் பழையபடி உழைக்கக்கூடும், யாருக்கு இருதயம் தளரும், யாருக்குத் திடீர் மரணம் நேரக்கூடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். இருதயத்தைப் படம் பிடித்து ஆராயும் முறைகள் இதற்குத் துணை செய்கின்றன. அம்முறைகளைப் பற்றியும், அவற்றின் பலன் எளிய மக்களைச் சென்றடைய நிர்வாகம் ஆற்ற வேண்டிய பணி பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். தலைநகரில் தமிழர்கள் பல்லாண்டு வாழ்ந்த மதராசி கேம்ப்பை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

படம் எதை அளக்கிறது?

இருதயத்தின் இடது கீழறைதான் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. அந்த அறை நிறைந்திருக்கும்போது உள்ள இரத்தத்தில் எத்தனை சதவிகிதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே முதன்மையான அளவு. இதனை வெளியேற்ற விகிதம் என்போம். நலமுள்ள இருதயத்தில் இது ஏறத்தாழ 55 சதவிகிதமோ அதற்கு மேலோ இருக்கும். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செயலிழந்தால் விகிதம் குறைகிறது.

இதை அளப்பதற்கு எளிதான கருவி எக்கோ. 1953-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலறிஞரும் ஒலியலைகளைக் கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய எக்கோ பரிசோதனை. இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, நோயாளியின் கட்டிலருகிலேயே செய்து முடிக்கலாம். விகிதத்தை மட்டுமல்லாமல், எந்தச் சுவர் அசையவில்லை, வால்வில் கசிவு உண்டா, அறைக்குள் இரத்தம் உறைந்துள்ளதா என்பவற்றையும் அது காட்டுகிறது.

இந்த அளவுக்கும் நோயாளியின் வருங்காலத்துக்கும் உள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. 1983-இல் அமெரிக்காவில் 866 நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வில், விகிதம் 40 சதவிகிதத்துக்குக் கீழே இறங்க இறங்க இறப்பு உயர்ந்தது தெரியவந்தது. 1987-இல் நியூசிலாந்தில் 605 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், சுருங்கிய நிலையிலும் இடது கீழறை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதே ஆயுளை மிகவும் தீர்மானிக்கிறது என்று கண்டனர். காந்தப் புலத்தைக் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தழும்பாகிவிட்ட தசையையும் உயிருள்ள தசையையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. பத்து ஆய்வுகளில் இடம்பெற்ற 2,632 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரை, சேதமடைந்த பகுதி 5 சதவிகிதம் கூடும்போதெல்லாம் ஓராண்டு இறப்பு அபாயம் 19 சதவிகிதம் கூடுவதாகக் கூறுகிறது.

கணிப்பும் சிகிச்சையும்

வருங்காலத்தை அறிவது மட்டுமே மருத்துவத்தின் நோக்கமன்று. அதை மாற்றவும் வேண்டும். விகிதம் 40 சதவிகிதமோ அதற்குக் குறைவோ இருந்த 2,231 பேரிடம் கேப்டோப்ரில் மருந்தைச் சோதித்து 1992-இல் வெளியிட்ட முடிவுப்படி, இறப்பு அபாயம் 19 சதவிகிதம் குறைந்தது. அதே அளவு தளர்ந்த இருதயம் உடைய 1,959 பேரிடம் கார்வெடிலால் மருந்து இறப்பு அபாயத்தை 23 சதவிகிதம் குறைத்ததாக 2001-இல் அறிவிக்கப்பட்டது. இவை விலை மிகுந்த மருந்துகள் அல்ல. ஆனால் யாருக்கு இவை இன்றியமையாதவை என்பதைக் காட்டுவது அந்தப் படமே.

திடீர் மரணத்தைத் தடுக்க மார்பில் பொருத்தப்படும் மின்னதிர்ச்சிக் கருவியின் வரலாறு மேலும் நுட்பமானது. மாரடைப்பு ஏற்பட்டுச் சில காலம் கடந்தும் விகிதம் 30 சதவிகிதமோ அதற்குக் குறைவோ இருந்தவர்களுக்கு அக்கருவி இறப்பு அபாயத்தை 31 சதவிகிதம் குறைத்தது என்று 2002-இல் தெரிந்தது. அப்படியானால் மருத்துவமனையை விட்டுச் செல்லும் முன்பே அதைப் பொருத்தலாமே என்று எண்ணத் தோன்றும். 674 பேரிடம், மாரடைப்பு ஏற்பட்ட 6-ஆம் நாளிலிருந்து 40-ஆம் நாளுக்குள் பொருத்திப் பார்த்தனர். மொத்த இறப்பு குறையவில்லை என்று 2004-இல் முடிவு வெளிவந்தது.

இன்னொரு காரணமும் கவனிக்கத்தக்கது. மாரடைப்பில் செயலற்றுப்போன தசையெல்லாம் செத்துவிட்ட தசையன்று. சில பகுதிகள் அதிர்ச்சியில் உறைந்து நின்று, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து மீண்டும் துடிக்கத் தொடங்கும். ஆகவே, மூன்றாம் நாளில் எடுத்த படம் இறுதித் தீர்ப்பு ஆகாது. குறைந்தது 40 நாட்களுக்குப் பின்னரும், இரத்தக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டிருந்தால் 90 நாட்களுக்குப் பின்னரும் மறுபடி அளந்த பிறகே அக்கருவி பற்றி முடிவு செய்ய வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. அதாவது, முதல் படம் மருந்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது படம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. அந்த இரண்டாவது படத்துக்கு நோயாளி திரும்பி வர வேண்டும்.

மதராசி கேம்ப் கற்பிக்கும் பாடம்

மதராசி கேம்ப் டில்லியில் ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா கால்வாயின் கரையில் அமைந்திருந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே குடியிருந்தனர். பலர் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்து வந்தனர். கால்வாயைச் சீரமைப்பதன் பொருட்டு உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் இருந்தன. தொடக்கப் பட்டியலில் 189 குடும்பங்கள் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என அறிவிக்கப்பட்டன. அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன.

அங்கு வாழ்ந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவருக்கு அந்த மே மாதத்தில் மாரடைப்பு வந்தது என்று வைத்துக்கொள்வோம். சப்தர்ஜங் மருத்துவமனையும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சில கிலோமீட்டர் தூரத்திலேயே இருந்தன. எக்கோ எடுத்தார்கள், விகிதம் 32 சதவிகிதம். மருந்துச் சீட்டுடன் வீடு திரும்பினார். இரண்டாவது படம் எடுக்க வேண்டிய நாளில் அவருடைய வீடு இல்லை, வேலை இல்லை, முகவரியும் மாறிவிட்டது. மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் வராதவர் என்று மட்டுமே குறிக்கப்படுவார். இது கற்பனையான ஒரு நோயாளியின் கதை. ஆயினும் குடிபெயர்ப்புக்கு உள்ளாகும் எந்தக் குடியிருப்பிலும் நேரக்கூடியது.

ஏழ்மை தனியொரு நோயைப் போலவே உயிரைப் பறிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. நம் நாட்டின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008-இல் வெளியான ஆய்வில், முப்பது நாள் இறப்பு வசதி படைத்தோரிடம் 5.5 சதவிகிதம், ஏழைகளிடம் 8.2 சதவிகிதம். பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபோது இந்த இடைவெளி மறைந்துவிட்டது. எனவே வேறுபாடு சிகிச்சை கிட்டியதிலும் கிட்டாததிலும் இருந்தது. அமைப்பைச் சீர்செய்தால் பலன் கிட்டும் என்பதையும் தமிழகம் காட்டியுள்ளது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இருதய மையங்களுடன் இணைத்து 2,420 நோயாளிகளிடம் நடத்திய திட்டத்தில் ஓராண்டு இறப்பு 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்ததாக 2017-இல் அறிவிக்கப்பட்டது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற ஒருவரும் எக்கோ பரிசோதனையின்றி மருத்துவமனையை விட்டு அனுப்பப்படலாகாது. வெளியேற்ற விகிதத்தையும் மறுபரிசோதனைக்குரிய தேதியையும் நோயாளி படித்தறியும் மொழியில், முதல் பக்கத்திலேயே எழுதித் தர வேண்டும்.

இரண்டாவதாக, குடிபெயர்ப்புக்கு முன் எடுக்கும் கணக்கெடுப்பில் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றைக் கேட்கும் அலுவலர், தொடர் சிகிச்சையில் இருப்போர் எவர் என்பதையும் கேட்க வேண்டும். மாற்று வீடு பெறாத குடும்பங்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்குத் தகுதியில்லை என்பதால் ஒருவர் சிகிச்சைக்குத் தகுதியற்றவர் ஆகிவிடமாட்டார். அவர்களுடைய பெயர்களைச் செல்லும் இடத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கு முன்னதாகவே அனுப்பிவிடலாம். 2021 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த மின்னணு உடல்நலக் கணக்கு எண் இதற்கு வசதியளிக்கிறது. தமிழகத்துக்கே திரும்பிச் செல்வோர் அவ்வாண்டிலேயே அங்கு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப்படலாம்.

மூன்றாவதாக, புதிய குடியேற்றப் பகுதிகளின் மருத்துவமனைகளில் எக்கோ கருவியும் அதனைக் கையாளப் பயிற்சி பெற்றவரும் வேண்டும். கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதால் எவருக்கும் பயனில்லை. எல்லா இடத்திலும் எம்.ஆர்.ஐ. தேவை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான முடிவுகளுக்கு நல்ல எக்கோ போதுமானது.

மாணவர்களே, நீங்கள் நாளை அந்த விகிதத்தை அளப்பீர்கள். அலுவலர்களே, அளக்கப்பட்டவர் இரண்டாவது முறையும் வந்து சேரும் வழியை அமைக்க வேண்டியவர்கள் நீங்கள். அடுத்த குடியிருப்பை அகற்றும் ஆணையில் கையெழுத்திடும் முன், அங்கே நாற்பது நாள் கணக்கில் இருப்போர் எத்தனை பேர் என்று ஒருமுறை கேளுங்கள்.