கடல் பக்கமும் மற்றப் பக்கமும்



விழா மண்டபத்துக்கு எப்படி வருவது என்று நம்மில் எத்தனையோ பேர் கேட்டிருந்தோம். கேட்டவர்களில் பாதிப்பேர் கொழும்பிலேயே பிறந்தவர்கள்!

வெள்ளவத்தைப் பிள்ளைகளான நமக்குத் திசைகள் இரண்டுதான்: கடல் பக்கம், மற்றப் பக்கம். நடுவில் காலி வீதி. கடல் பக்கத்து ஒழுங்கை எதில் இறங்கினாலும் தண்டவாளமும் கடலும் மறித்துவிடும். அதற்கு மேல் தொலைய இடமில்லை.

கொட்டாஞ்சேனைக்காரிகளுக்கு அந்த வசதி கிடையாது. ஜம்பட்டா வீதியிலிருந்து ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் பொன்னம்பலவாணேசர், கொச்சிக்கடை அந்தோனியார், புனித லூசியாள் மூவரையும் கும்பிட்டுத்தான் போய்ச் சேரலாம். மதச் சண்டையே வராத வழிகாட்டல்!

இரு ஊரையும் இணைத்தது 102ஆம் இலக்க பஸ். காலி வீதியில் எதிர்ப்பக்கம் நின்று ஏறினால் கொட்டாஞ்சேனைப் பிள்ளை மொறட்டுவையில் இறங்க வேண்டியதுதான்.

போதாக்குறைக்குப் பெயர்களும் மாறின. ஹை ஸ்ட்ரீட், டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை ஆயிற்று. டரட் றோட், தர்மபால மாவத்தை ஆயிற்று. கிறீன் பாத், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஆயிற்று. அம்மாமார் பழைய பெயரை விடவில்லை. நாம் புதியதைப் படித்தோம். ஒரே ஓட்டோவில் இருந்துகொண்டு தாயும் மகளும் இரண்டு வீதிகளுக்குப் போனோம்.

வழி தவறுவது சிரிப்பாக இல்லாத காலமும் இருந்தது. யுத்த நாட்களில் சோதனைச் சாவடியில் "எங்கே போகிறாய்?" என்று கேட்டால், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்பது பதிலாகாது. ஒழுங்கை இலக்கம், வீட்டு இலக்கம், யார் வீடு, எப்போது திரும்புவது எல்லாவற்றையும் சிங்களத்தில் பாடமாக்கி வைத்திருந்தோம். வாய்ப்பாடு மறந்தாலும் அது மறக்கவில்லை. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்த விடுதிப் பிள்ளைகளுக்குக் கேள்விகள் கூட. ரியூஷன் முடிந்து இருட்டில் வரும்போது ஒழுங்கை முகப்பில் குடையோடு ஓர் அம்மா நிற்பார். யாருடைய அம்மா என்றாலும் சரி, அந்த உருவம் தெரிந்தால்தான் நமக்கு மூச்சு வரும். அப்படி நின்ற பலர் இன்று நம்மோடு இல்லை.

இப்போது ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் போன் பேசி வழி காட்டுகிறது. கொழும்பில் அதை நம்பாதீர்கள், ஆளைக் கேளுங்கள். தெரியாது என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். "கெளின்ம யன்ன", நேரே போங்கள் என்பார்கள், வீதி வளைந்திருந்தாலும்.

இராப்போசனம் வெள்ளவத்தையில். ஓட்டோக்காரரிடம் சில்வா மாவத்தை என்றே சொல்லுங்கள். ஹை ஸ்ட்ரீட் என்றால், எழுபது வயதுச் சாரதி ஒருவர் கிடைக்கும்வரை நிற்க வேண்டிவரும். இடியப்பம் ஆறிவிடும்.