படலைத் திறக்கிற கை யாருடையது?

(‘வெளிநாடு போகும் பிள்ளைகள் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது அனுபவமா, ஏமாளித்தனமா?’ என்ற தலைப்பில் கமுதியில் நடந்த அரங்கில், ‘அனுபவமே’ அணியில் பேசியது)



எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “இங்கே மாடு மேய்க்கச் சொன்னா கௌரவக் குறைச்சல். பிளேன் ஏறிப் போய்ச் சாணி அள்ளினா அனுபவமா?” நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். அய்யா, அந்தச் சாணியை அள்ளினவளே நான்தாங்க! (பலத்த சிரிப்பு)

ஆஸ்திரேலியாவிலே குவீன்ஸ்லாந்து மாநிலத்திலே மேற்படிப்புப் படித்தேன். ஒரு விடுமுறையிலே நாலு வாரம், குதிரையும் மாடும் வளர்க்கிற ஒரு பண்ணையிலே தங்கி வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை. சம்பளம் கிடையாது. மூணு வேளை சாப்பாடு, படுக்க ஒரு அறை. இந்த ஏற்பாடு புதிதாக முளைத்ததும் இல்லை. 1971-இல் இங்கிலாந்திலே சூ கோப்பார்டு என்கிற அம்மா, லண்டனிலே செயலாளர் வேலை பார்த்தவங்க, நகரத்து ஆட்கள் வார விடுமுறையிலே இயற்கை விவசாயப் பண்ணைக்குப் போய் உழைத்துவிட்டு வரட்டுமே என்று ஆரம்பித்தாங்க. ‘வூஃப்’ என்று பேர். இன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலே அது நடக்கிறது.

சரி, நாலு வாரத்திலே என்னத்தைக் கற்றாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

குதிரைக்கு நேர் பின்னாலே போய் நிற்கக் கூடாது. அந்த இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது. மிரண்டால் உதைக்கும். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போகணும். காதைப் பின்னுக்கு மடக்கினால் கோபமாக இருக்கிறது என்று அர்த்தம். குளம்பைத் தூக்கிக் கொக்கியாலே கல்லையும் மண்ணையும் எடுக்கணும். இன்னொரு சங்கதி கேளுங்க. குதிரையாலே வாந்தி எடுக்க முடியாது! வேண்டாத தீனி உள்ளே போனால் போனதுதான். வயிறு உப்பி வலி கண்டு செத்தே போகும். அதனாலே ஒவ்வொரு கை வைக்கோலையும் முகர்ந்து பார்த்துத்தான் போடுவாங்க.

அப்புறம் மாடு. பார்த்த உடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா அதுக்குத் திமில் இருந்தது! வெள்ளைக்கார நாட்டிலே நம்ம ஊரு மாடு! ‘பிராமன்’ என்று ஒரு இனம். நம் இந்திய மாடுகள் அமெரிக்கா போய், அங்கே கலந்து உண்டான இனம். அங்கேயிருந்து 1933-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. வெயில் தாங்கும், உண்ணி தாங்கும். அதனாலே அங்கே அதற்கு ராஜ மரியாதை.

அந்த மாட்டை ஓட்டுவதற்கு ஒரு பாடம் நடத்தினாங்க. மாட்டின் தோள்தான் கணக்கு. தோளுக்குப் பின்னாலே நின்று நெருங்கினால் முன்னாலே நடக்கும். தோளுக்கு முன்னாலே வந்தால் பின்வாங்கும். அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம். டெம்பிள் கிராண்டின் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியை இதையெல்லாம் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்காங்க. கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்னா, எங்க அய்யா, அதாவது எங்க அப்பாவைப் பெற்ற தாத்தா, கையிலே ஒரு கம்பை வைத்துக்கொண்டு நூறு கிடைமாட்டை அப்படித்தான் ஓட்டினார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை! (கைதட்டல்)

அந்த அறிவுக்கு விலை உண்டா? உண்டு. நம்ம கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலே மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். அரபு நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கிலே குதிரை கப்பலிலே வந்து இறங்குகிறது, ஆனால் வளர்க்கத் தெரியாமல் வருசத்துக்குள்ளே பெரும்பாலும் செத்துப்போகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். குதிரை விற்கிற வியாபாரிகள் குதிரை வைத்தியனை மட்டும் இந்தப் பக்கம் வரவே விடமாட்டார்களாம். ஏன்? வைத்தியன் வந்தால் குதிரை பிழைத்துவிடும். குதிரை பிழைத்தால் அடுத்த வருசம் வியாபாரம் படுத்துவிடும்! (சிரிப்பு) பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கலாம், வளர்க்கிற கை வராது. அந்தக் கை, கூட நின்று வேலை பார்த்தால்தான் வரும். அதனாலேதான் அனுபவம் என்கிற அணியிலே நான் நிற்கிறேன்.

ஆனால் அய்யா, இதோடு முடித்துவிட்டு உட்கார்ந்தால் நான் இந்த ஊர்க்காரியே இல்லை.

எங்க அய்யா மாடு ஓட்டினார் என்றேன். எப்படிப் போனார் தெரியுமா? பன்னிரண்டு வயசிலே. வீட்டுக் கஷ்டத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, வருசக் கணக்குப் பேசி, கிடையிலே விட்டுவிட்டு வந்தார்கள். நம்ம சீமை மானாவாரிச் சீமை. கம்மாய் வற்றினால் மேய்ச்சல் இல்லை. தை அறுப்பு முடிந்ததும் கிடை தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பும். பகலெல்லாம் மேய்ச்சல். ராத்திரி வயலிலே கிடை போட்டால் சாணமும் மூத்திரமும் விழுந்து வயலுக்கு உரம். வயல்காரர் கொடுக்கிற கூலி கீதாரி கைக்குப் போகும். பையனுக்குக் கஞ்சி. மழையோ பனியோ, ராத்திரி கண் அசரக் கூடாது. அவரைப் பெற்ற தாய் செத்த சேதி அவர் காதுக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்துபோயிருந்தது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். முன்பணம் கழியவில்லையே!

அடுத்த தலைமுறை, எங்க சித்தப்பா. தோட்ட வேலை என்று சொல்லி ஏஜெண்ட் ஒருத்தர் வளைகுடாவிலே ஒரு நாட்டுக்கு அனுப்பி வைத்தார். இறங்கின அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பாலைவனத்திலே ஆட்டுப் பட்டியிலே விட்டுவிட்டார்கள். ஆளு இல்லை, பேச்சு இல்லை. மூணு வருசம். திரும்பி வந்த பிறகும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பண்ணையிலே குதிரையைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அவர் நினைப்புதான் வந்தது. உள்ளே போனது வெளியே வராது. (அமைதி) மலையாளத்திலே பென்யாமின் 2008-இல் ‘ஆடுஜீவிதம்’ என்று நாவல் எழுதினார். 2024-இல் படமாகவும் வந்தது. ஊரே பார்த்து அழுதது. எங்க சித்தப்பா மட்டும் பாதியிலே எழுந்து போய்விட்டார்.

இப்போ நடுவர் அய்யா, மூணு பேரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்க. தாத்தா, சித்தப்பா, நான். மூணு பேருக்கும் ஒரே வேலை. அதே சாணி, அதே வெயில். சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் மோசம். சித்தப்பாவுக்காவது சம்பளம் என்று ஒன்று பேசினார்கள், எனக்கு அதுவும் இல்லை! ஆனால் அவர் செய்ததற்கு அடிமைத்தனம் என்று பேர், நான் செய்ததற்கு அனுபவம் என்று பேர். எதனாலே?

முதல் நாளே பண்ணைக்காரம்மா எனக்கு இரண்டு விஷயம் சொன்னாங்க. ஒன்று, “திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியே விடு, மூடியிருந்ததை மூடியபடியே விடு.” அது அந்த நாட்டுக் கிராமத்துச் சட்டம். இரண்டாவது, “உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லு, நானே கொண்டுபோய் பஸ்ஸிலே ஏத்தி விடுறேன்.” அவ்வளவுதாங்க வித்தியாசம்! பட்டிக்கு ஒரு படல் இருக்கிறது. ஆட்டுக்கு அதைத் திறக்கத் தெரியாது. மனுசனுக்குத் தெரியும். திறந்தால் அவனைப் போக விடுவார்களா என்பதுதான் கேள்வி. (பலத்த கைதட்டல்)

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நம்ம நாட்டுச் சட்டமே சொல்கிறது. 1976-ஆம் வருசத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. முன்பணத்துக்காக ஒருத்தன் வேறு வேலைக்குப் போகிற சுதந்திரத்தை இழந்தாலும், நினைத்த இடத்துக்குப் போகிற உரிமையை இழந்தாலும், அது கொத்தடிமைத்தனம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்கணும், அந்தக் கடனும் செல்லாது. இன்றைக்கும் எங்கேயாவது ஒரு கிடையிலே, ஒரு வாத்துப் பட்டியிலே, பள்ளிக்கூட வயசுப் பையன் நின்றால், “பாவம், பிழைக்கிறான்” என்று தாண்டிப் போகாதீங்க. 1098-க்கு ஒரு போன் போடுங்க. காசு கிடையாது. (கைதட்டல்)

பாஸ்போர்ட் விஷயமும் கேளுங்க. அதை உங்க சொத்து என்று நினைக்கிறீங்க. இல்லை! 1967-ஆம் வருசத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசாங்கத்தின் சொத்து. அரசாங்கத்தின் சொத்தைப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கு உரிமை இருக்கு? சவூதியிலே 2021-இல் வேலை மாறுகிற உரிமையைத் தொழிலாளிகளுக்குத் தளர்த்திக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டியலிலே யாரை வெளியே விட்டார்கள் தெரியுமா? வீட்டு வேலைக்காரர், தோட்டக்காரர், டிரைவர், மேய்ப்பர். யாருக்குப் படல் இறுக்கமாகக் கட்டியிருந்ததோ, அவனுக்கே அந்தத் தடவையும் திறக்கவில்லை.

எதிரணியிலே ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. இனாம் வேலை என்று பேர் வைத்துக்கொண்டு ஏய்க்கிற பண்ணைகள் அந்த நாடுகளிலும் உண்டு. அதனாலேதான் ஆஸ்திரேலிய அரசாங்கம் 2015-இல் ஒரு முடிவு எடுத்தது. வேலை செய்துகொண்டே ஊர் பார்க்கிற விசாவை இரண்டாவது வருசத்துக்கு வாங்கணும் என்றால் சம்பளம் வாங்கின வேலையைத்தான் காட்டணும், இனாம் வேலை கணக்கிலே வராது என்று சொல்லிவிட்டது. நியூசிலாந்திலே, சோறும் படுக்கையும் வாங்கினாலே அது கூலிதான், அதற்கும் வேலை விசா வேணும். சுற்றுலா விசாவிலே போய்ப் பண்ணையிலே கை வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதே சமயம் வழி திறந்தும் இருக்கிறது. 2024-லிருந்து நம்ம நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஆஸ்திரேலியா அந்த விசாவைக் கொடுக்க ஆரம்பித்தது. 18 வயசிலிருந்து 30 வயசு வரைக்கும், குலுக்கல் முறையிலே, வருசத்துக்கு 1000 பேர். நாளைக்கு அந்த ஆயிரத்திலே ஒருத்தன் முதுகுளத்தூர்ப் பையனாக இருக்கலாம். ஒருத்தி சாயல்குடிப் பொண்ணாக இருக்கலாம். அவங்களைப் பெற்றவங்க இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

அவங்களுக்குச் சொல்கிறேன். “போகாதே” என்று தடுக்காதீங்க. “எவ்வளவு தருவான்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பியும் விடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. பாஸ்போர்ட் யார் பையிலே இருக்கும்? நீ இருக்கிற இடத்தின் முழு முகவரி எங்க கையிலே இருக்குமா? பிடிக்கவில்லை என்றால் மறுநாளே கிளம்பி வர உன்கிட்டே டிக்கெட்டுக்குப் பணம் இருக்குமா? வளைகுடாவுக்கு வேலைக்கு என்றால் நாலாவதாக ஒன்று. அந்த ஏஜெண்ட் மத்திய அரசிலே பதிவு செய்தவரா? இதுக்கெல்லாம் பதில் சரியாக இருந்தால் தைரியமாக அனுப்புங்க. பொம்பளைப் பிள்ளையாக இருந்தாலும் அனுப்புங்க! (கைதட்டல்) ஒன்றிலே மழுப்பினாலும், எவ்வளவு சம்பளம் சொன்னாலும், அனுப்பாதீங்க.

ஆகவே நடுவர் அய்யா, சம்பளமில்லாத வேலை ஏமாளித்தனம் என்று பொத்தாம்பொதுவாகத் தீர்ப்பு எழுதிவிடாதீங்க. தானாகப் போய், தானாகத் திரும்பி வருகிறவனுக்கு அது அனுபவம். திரும்பி வர முடியாதவனுக்குச் சம்பளம் கொட்டிக் கொடுத்தாலும் அது சிறை. படலைத் திறக்கிற கை நம்ம பிள்ளையின் கையாக இருக்கட்டும். அதுக்கப்புறம் அவன் சாணி அள்ளினால் என்ன, சந்தனம் அள்ளினால் என்ன!

(பலத்த கைதட்டல்)