பத்திரம் யார் பெயரில்?

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர்கள் கூட்டத்தில் அளிக்கப்பட்ட உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நோயாளிகளைப் பற்றியும் புதிய வார்டுகளைப் பற்றியும் பேசுவோம். இம்முறை ஆதரவாளர்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "நாங்கள் அனுப்பும் காணிக்கை நிலமாகவும் கட்டடமாகவும் ஆனபின் அது யாருக்குச் சொந்தம்? ஊழியருக்கா, கமிட்டிக்கா, கொடுத்தவர்களுக்கா?" என்கிறார்கள். இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு என்று நாங்கள் நினைக்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்தைக் கொண்டுபோக அப்போஸ்தலனாகிய பவுலே தனியே புறப்படவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட மனிதரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

எங்களில் பலர் பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்தவர்கள். ஆகவே அந்தச் சபை தன் சொத்தையும் பணத்தையும் ஊழியத்தையும் எப்படி நடத்துகிறது என்று முதலில் சொல்லி, பின்பு செராம்பூரில் நடந்ததைச் சொல்லுகிறோம்.

உங்களில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்குப் பேராயம், பேராயர், சினாடு என்ற ஒழுங்கு தெரியும். சொத்துக்களை வைத்திருப்பதற்கென்று திருச்சபைக்கு ஒரு டிரஸ்ட் அசோசியேஷன் இருப்பதும் தெரியும். பாப்டிஸ்ட் சபையிலோ பேராயர் இல்லை. ஒவ்வொரு ஊர்ச் சபையும் கிறிஸ்துவின்கீழ் தன்னைத்தானே நடத்திக்கொள்ள வேண்டியது. விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர் எல்லாரும் கூடும் சபைக்கூட்டத்துக்கே கடைசி அதிகாரம். போதகரை அழைப்பதும் புதிய அங்கத்தினரைச் சேர்ப்பதும் அங்கேதான். உதவிக்காரரைத் தெரிந்துகொள்வது, வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, நிலம் வாங்குவது விற்பது எல்லாம் அந்தக் கூட்டத்தின் வாக்கினால்தான். 1677-ல் எழுதப்பட்டு, 1689-ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் லண்டன் விசுவாச அறிக்கையே, மூப்பரும் உதவிக்காரரும் சபையாரின் பொது வாக்கினால் தெரிந்துகொள்ளப்பட வேண்டும் என்று கூறுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரணைக்கு ஏழுபேரைத் தெரிந்தெடுத்தது திரளான சீஷர் கூட்டமே அல்லவா?

நடைமுறையில் இதன் பலன் என்னவென்றால், பிரசங்க பீடம் ஒருவர் கையிலும் பணப்பெட்டி வேறொருவர் கையிலும் இருக்கிறது. போதகர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம். காசோலையில் கையெழுத்திடுபவர் பொருளாளரும் உதவிக்காரரும். கணக்கு சபைக்கூட்டத்தில் வாசிக்கப்படும். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், கிராம ஊழியம் என்று ஒவ்வொன்றும் தன் அறிக்கையைக் கொண்டுவரும். சில கூட்டங்கள் இரவு பத்துமணி வரை நீளும் என்பதும், நாற்காலி வாங்கும் விஷயம் ஆத்தும ஆதாயத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆனாலும் நாற்காலி வாங்கியது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நிலம் என்று வரும்போதுதான் சிக்கல். சபை என்பது சட்டத்தின் கண்ணுக்கு ஒரு ஆள் அல்ல. பத்திரத்தில் யாராவது ஒருவர் பெயர் வேண்டும். ஆகவே சிலரைத் தர்மகர்த்தாக்களாக ஏற்படுத்தி, "இன்ன நோக்கத்துக்காக, இன்ன சபைக்காக வைத்திருக்கிறோம்" என்று எழுதி வைப்பார்கள். தர்மகர்த்தா சட்டப்படி உடையவர், மனச்சாட்சிப்படி வேலைக்காரர். சபை வாக்களித்தால் அவர் கையெழுத்திட வேண்டும். ஆனால் தர்மகர்த்தாவும் மனிதர், மரித்துப்போவார். அவருக்குப் பின் யார் என்பதைப் பத்திரம் சொல்லாவிட்டால், ஜெபம்பண்ணிக் கட்டின ஆலயமே நீதிமன்றத்துக்குப் போய்விடும். இதனால்தான் இங்கிலாந்தின் பாப்டிஸ்டுகள் 1890-ல், சொத்துக்களுக்குத் தர்மகர்த்தாவாக நிற்க மரணமில்லாத ஒரு கார்ப்பரேஷனை ஏற்படுத்திக்கொண்டார்கள். நம் மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ளும் சபைகளும் ஸ்தாபனங்களும் இதே பாதுகாப்பையே தேடுகின்றன.

இனி செராம்பூருக்கு வருவோம். நம் போதகர்கள் பலர் பெற்றிருக்கும் பி.டி. பட்டம் அங்கிருந்துதான் வருகிறது. ஆகையால் அந்தப் பெயர் உங்களுக்கு அந்நியமல்ல. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள அந்த ஊர், நம் தரங்கம்பாடியைப் போலவே அக்காலத்தில் டேனிஷ் அரசின் கீழ் இருந்தது.

1792 அக்டோபர் 2-ஆம் தேதி, இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு விதவையின் வீட்டில் சில பாப்டிஸ்ட் போதகர்கள் கூடி ஒரு மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஆண்ட்ரு ஃபுல்லர் என்ற போதகரின் மூக்குப்பொடி டப்பியே அதற்குக் காணிக்கைத் தட்டு. ஃபுல்லர் முதல் செயலாளரானார். வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனெரிகளை விரும்பாததால், 1799-ல் வந்த மார்ஷ்மனும் உவார்டும் டேனிஷ் செராம்பூரில் தங்கினார்கள். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே சேர்ந்தார். அந்த ஆண்டே 6,000 ரூபாய்க்கு ஒரு பெரிய வீடு வாங்கினார்கள். விலையைக் கேட்டுத் திகைத்தாலும், நான்கு வருட வாடகையே அந்த அளவுக்கு வந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத் துணிந்தார்கள்.

ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள், ஒரே பந்தி. இதை எப்படி நடத்துவது? முதல் மாதத்திலேயே தங்கள் சபையின் முறைப்படி ஒழுங்குகளை எழுதிக்கொண்டார்கள். பிரசங்கமும் ஜெபமும் முறைவைத்து. வீட்டு விசாரணை மாதத்துக்கு ஒருவர். கேரி பொருளாளர். மருந்துப் பெட்டியும் அவர் பொறுப்பிலேயே இருந்தது என்பதை மருத்துவமனைக்காரராகிய நாங்கள் சற்று சந்தோஷத்தோடு சொல்லிக்கொள்கிறோம். சனிக்கிழமை மாலை, ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பதற்கு. ஒருவரும் சொந்த வியாபாரம் செய்யக்கூடாது. சம்பாதிப்பதெல்லாம் பொதுப் பணத்துக்கு.

சம்பாத்தியமும் கொஞ்சமல்ல. மார்ஷ்மன் தம்பதியின் பள்ளிகள், உவார்டின் அச்சுக்கூடம், ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் கேரி பெற்ற சம்பளம் (முதலில் மாதம் 500 ரூபாய், பின்னர் 1,000) எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்தன. தங்களுக்கென்று எடுத்துக்கொண்டது சொற்பம். அடுத்தடுத்த நிலங்களையும் கட்டடங்களையும் பெரும்பாலும் இந்தச் சம்பாத்தியத்திலிருந்தே வாங்கினார்கள். வாங்கியதைச் சங்கத்துக்கென்று எழுதி, தங்களைத் தர்மகர்த்தாக்களாக வைத்துக்கொண்டார்கள்.

1805 அக்டோபரில் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை இன்னும் ஒருபடி மேலே போயிற்று. இந்தியச் சபைகளுக்கு அந்தந்தச் சபையாரிலிருந்தே போதகரும் உதவிக்காரரும் எழும்பவேண்டும். தங்கள் போதகரைத் தாங்குவது, ஆலயம் கட்டுவது, சபைச் செலவு எல்லாவற்றையும் அவர்களே ஏற்றுக்கொள்ளப் பழகவேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. நேரமும் பலமும் உடுத்தியிருக்கும் வஸ்திரமும்கூடத் தங்களுடையதல்ல என்றும் எழுதினார்கள். வருஷத்தில் மூன்று தரம் ஒவ்வொரு ஊழிய ஸ்தலத்திலும் இதை வாசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எழுதி அலமாரியில் வைத்துவிடுகிற நம் வழக்கத்தை நினைத்தால், மூன்று தரம் வாசிப்பு என்பது எங்களுக்கு அந்த உடன்படிக்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

1812 மார்ச் 11-ஆம் தேதி மாலை அச்சுக்கூடம் தீப்பிடித்தது. பல மொழிகளின் எழுத்துக்களும், கையெழுத்துப் பிரதிகளும், ஏராளமான காகிதமும் எரிந்துபோயின. செய்தி இங்கிலாந்தை எட்டியபோது, எல்லாச் சபைப் பிரிவினரும் கொடுத்த பணம் சில மாதங்களுக்குள் நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டது. ஃபுல்லரும் செராம்பூரும் ஒருவரையொருவர் நம்பினார்கள்; கொடுத்தவர்களும் அவர்களை நம்பினார்கள்.

ஆனால் அந்த நம்பிக்கை ஒரு மனிதரின் ஆயுளோடு கட்டப்பட்டிருந்தது. 1815 மே மாதம் ஃபுல்லர் மரித்தார். புதிய கமிட்டியில் பலருக்குக் கேரியையும் மார்ஷ்மனையும் முகமுகமாய்த் தெரியாது. கமிட்டியார் கேட்டார்கள்: இவ்வளவு பெரிய சொத்து தொலைதேசத்தில் மூன்று பேர் கையில் இருக்கிறதே, அவர்களுக்குப் பின் என்னவாகும்? இங்கிலாந்தில் உள்ளவர்களையும் தர்மகர்த்தாக்களாகச் சேர்க்கவேண்டும் என்றார்கள். செராம்பூர் சகோதரர் மறுத்தார்கள். சொத்து தங்களுடையது என்று அவர்கள் சொல்லவில்லை. அது மிஷனுக்கே உரியது, ஆனால் நாங்கள் உழைத்துச் சம்பாதித்து வாங்கினதை நடத்தும் பொறுப்பு எங்களுடையது என்றார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று நாங்கள் எண்ணுகிறோம். அடுத்த தலைமுறையைப் பற்றிக் கேட்ட கமிட்டி கேட்கத்தக்கதையே கேட்டது. பதினாயிரம் மைல் கடல்வழிக்கு அப்பாலிருந்து ஒரு வீட்டை நடத்த முடியாது என்ற மூவரும் சரியானதையே சொன்னார்கள். இரு சாராரும் ஒத்துக்கொண்ட எழுத்து, மனக்கசப்பு உண்டாவதற்குமுன் இல்லாமல் போனதுதான் சங்கடம்.

வீட்டுக்குள்ளும் பிளவு வந்தது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் சமமான வாக்கு. காலப்போக்கில் தீர்மானங்கள் மூன்று மூத்தவர் கையிலேயே இருப்பதாக இளைய மிஷனெரிகளுக்குப் பட்டது. கேரியின் தம்பி மகனான யூஸ்டஸ் கேரியும், யேட்ஸ் முதலானவர்களும் பிரிந்து கல்கத்தாவில் தனியே ஊழியம் தொடங்கினார்கள். சபைக்கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வாக்கு என்று போதிக்கும் சபையிலே, ஊழியர் வீட்டிலும் அது அப்படியே இருக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை. இங்கிலாந்திலோ, மார்ஷ்மன் பெருஞ்செல்வம் சேர்த்துவிட்டார் என்ற பேச்சு அச்சிட்ட கைப்பிரதிகளாகவே சுற்றி வந்தது. அவர் நேரில் போய்ப் பேசியும் தீரவில்லை. 1827-ல் செராம்பூரும் சங்கமும் பிரிந்தன.

பிரிந்ததற்குக் கிரயம் செலுத்தியவர்கள் யார்? கிராமங்களில் ஊழியம் செய்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். 1830 முதல் 1833-க்குள் கல்கத்தாவின் பெரிய வியாபாரக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது, அவற்றில் போட்டிருந்த செராம்பூரின் பணமும் போயிற்று. 1812-ல் கைகொடுத்த சங்கம் இப்போது அவர்களோடு இல்லை. 1837 டிசம்பரில் இரு பக்கத்தாரும் மறுபடி இணைய லண்டனில் ஒப்பந்தமாயிற்று. உவார்டு 1823-லும் கேரி 1834-லும் மரித்திருந்தார்கள். மார்ஷ்மன் அந்த டிசம்பர் 5-ஆம் தேதி, செய்தி வந்து சேருமுன்னே, கண்ணை மூடினார்.

ஒன்றுமட்டும் இந்தச் சண்டையில் சிக்காமல் தப்பியது. 1818-ல் அவர்கள் தொடங்கிய கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக் ஒரு சாசனம் கொடுத்தார். அதை ஆளும் கவுன்சில் எப்படி அமையும் என்பது அந்தச் சாசன ஏற்பாட்டிலேயே தீர்ந்துவிட்டது. 1845-ல் ஊரே டேனிஷ்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது, சாசனம் போகவில்லை. பட்டம் கொடுக்கும் அதிகாரம் இன்றைக்கும் அதிலிருந்தே வருகிறது. அதே மூன்று மனிதர்கள், அதே ஊர். வீட்டுக்கு இல்லாத எழுத்து கல்லூரிக்கு இருந்தது.

மார்ஷ்மனைக் குறித்து உலவிய பேச்சை நம்பியவர்கள், கேரியின் உயிலையும் வாசித்திருக்கலாம். செராம்பூர் மிஷன் வளாகத்தில் தமக்கு எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை என்று அதில் கேரி திட்டமாக எழுதி, தாம் சேர்த்த இயற்கைப் பொருட்காட்சியைக் கல்லூரிக்கே விட்டுப்போனார்.

ஆகையால் நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுவே. நம் மருத்துவமனை நிலம் எங்களில் எவருக்கும் சொந்தமல்ல. கொடுத்த உங்களுக்கும் சொந்தமல்ல என்று சொன்னால் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறோம். பத்திரத்தில் எழுதியிருக்கிற நோக்கத்துக்கே அது சொந்தம். பத்திரத்தின் நகலும், தர்மகர்த்தாக்களை நியமிக்கும் விதிகளும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் வாசலருகேயுள்ள மேஜையில் வைக்கப்பட்டிருக்கின்றன. சாப்பாட்டுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. பொருளாளர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், தாராளமாய்க் கேளுங்கள்.