மௌனப் பேரனும் பாட்டனாரும்

(உறவின்முறைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிவகாசியில் பட்டாசுத் தொழில் செய்து முதுமை எய்திய ஒருவரை யான் அறிவேன். அவர்தம் பேரனுக்கு வயது 7. ஆட்டிசம் என்னும் மதியிறுக்கம் உடையவன். வாய் பேசான், முகம் நோக்கான், வெடியோசை கேட்பின் செவிகளைப் பொத்திக்கொண்டு நடுங்குவான். ஓசையை விற்றுப் பிழைத்த அப்பெரியவர், இப்பொழுது தீபாவளிதோறும் பேரனுடன் ஊருக்கு அப்பாலுள்ள தோட்டத்திற் சென்று தங்குகின்றார்.

நாள்தோறும் தீப்பெட்டிப் படங்களை அவன்முன் பரப்புவார். அவன் நிறம் பிரித்து அடுக்குவான். ஒருநாள் ஒரு படத்தை எடுத்துப் பாட்டனார் கையில் வைத்தானாம். அதனைக் கூறுங்கால் அவர் கண்கள் கலங்கின. "பேசாவிடினும் குறையில்லை, ஐயா, என் காலத்திற்குப்பின் இவனை யார் பார்ப்பார்?" என்றார்.

இஃது ஊழ்வினை அன்று. தாயின் குற்றமும் அன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விளக்கி எழுதினார். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறன் வகைகளுள் இதனையும் சேர்த்துள்ளது. இத்தகைய பிள்ளைகளை வீட்டினுள் மறைத்தல் அறமாகாது.

கல்வி எளிதிற் கிட்டாத அக்காலத்தே, விருதுநகரில் நம் முன்னோர் மகமைப் பணங்கொண்டு 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். அம்மகமையில் ஒரு பங்கை இக்குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை அமர்த்த ஒதுக்குமாறு வேண்டுகின்றேன். அப்பாட்டனார் வினாவுக்கு உறவின்முறை கூறத்தக்க விடை அதுவே.