வளவிலே பூக்கும் வசந்தம்

பனி உருகி மலர் விரியும் வசந்தம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மாரி மழையே இங்கு மலர்களுக்கு வித்திடுகின்றது. வற்றாத ஆறில்லாத இந்நிலத்தில் மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அதனைப் பருகியே தையில் மாமரம் பூக்கின்றது. இலையுதிர்த்த வேலி முள்முருக்குச் செம்மலர் சூடுகின்றது. பங்குனியில் வேம்பு முற்றமெங்கும் பூச்சொரிய, பெண்கள் அதனைச் சேர்த்து வடகமாக்கி வைக்கின்றனர்.

கிணற்றை அளவுமீறி இறைத்தால் உவர் மேலெழும். முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடினால் மழைநீர் உள்ளிறங்காது வழிந்தோடும். ஆகவே, மழைக்கென மண்முற்றம் விட்டுவைப்போரே அடுத்த ஆண்டின் பூவுக்கு நீர் வார்ப்போராவர்.