யோகாசனம் என்றால் எல்லாம் ஒன்றுதானா?

(தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



போன மாதம் மேல் லயத்து அக்கா ஒருவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் டிஸ்பென்சரிக்கு வந்தார். கூடைக் கயிறு இழுத்த வலி என்றுதான் நானும் நினைத்தேன். விசாரித்தால் கதை வேறு. கொழும்பில் வேலை செய்யும் மகன் போனில் ஒரு படம் அனுப்பி, "இப்படிச் செய்ங்கம்மா, இடுப்பு வலி போயிரும்" என்று சொல்லியிருக்கிறான். அக்கா சுவரில் காலை வைத்துத் தலைகீழாக நின்றிருக்கிறார்! மகன் நல்லதுக்குத்தான் சொன்னான். யோகாசனம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டான்.

அப்படி இல்லீங்க. இன்றைக்கு உலகம் பூராவும் சொல்லிக்கொடுக்கிற முறைகளில் பல, கிருஷ்ணமாச்சாரியார் என்ற ஒரே குருவிடமிருந்து வந்தவை. 1930களில் மைசூர் அரண்மனையில் படிப்பித்தவர். அவருடைய மாணவர் பட்டாபி ஜோய்ஸ் பரப்பியது அஷ்டாங்க முறை. மூச்சோடு சேர்த்து ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு நிற்காமல் போக வேண்டும். வேர்த்துக் கொட்டும். இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார், சின்ன வயதில் நோயாளிப் பிள்ளை. அவர் முறையில் அவசரமே கிடையாது. கால் எங்கே, தோள் எங்கே என்று பார்த்துப் பார்த்து நிற்க வேண்டும். வளைய முடியாதவர்களுக்கு நாற்காலி, பட்டி, கட்டை எல்லாம் கொடுப்பார். குருவின் மகன் தேசிகாச்சார் சென்னையில் ஆளுக்கு ஏற்றமாதிரி பயிற்சியை மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

நமக்குக் கிட்டிய வழி ஒன்றும் உண்டு. பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர், துறவியாகுமுன் மலாயாவில் றப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தவர். தோட்டத்து ஆட்களின் உடம்பு அவருக்குத் தெரியும். அவருடைய சீடர் சச்சிதானந்தர் 1953 இல் இலங்கைக்கு வந்து, பிறகு நம்ம கண்டியிலும் ஆச்சிரமம் நடத்தினார். இந்த வழியில் ஆசனத்துக்கு நடுவில் ஓய்வு, மூச்சுப் பயிற்சி, கடைசியில் சவாசனம்.

இதில் நமக்கு எது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். காலையிலிருந்து சரிவில் ஏறி இறங்கி, தலையில் கயிறு மாட்டிக் கொழுந்து சுமக்கிறவருக்கு, சாயந்திரம் வேகமான முறை வேண்டாம். மலையிலேயே வேர்த்தது போதும். கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கும் இதுதான். நிதானமான முறையே நல்லது. பட்டிக்குப் பதில் பழைய சேலை போதும், கட்டைக்குப் பதில் மடித்த சாக்கு. தலைகீழாக நிற்பது கட்டாயம் வேண்டாம். நாள் முழுக்கப் பாரம் தாங்கிய கழுத்தில் முழு உடம்பையும் ஏற்றுவது வம்பு. பிரஷர் உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து.

"நாங்க வேதக்காரங்க, இது சாமி கும்பிடுற காரியமில்லையா?" என்று ஒரு தங்கச்சி கேட்டது. மந்திரம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முதுகை நிமிர்த்தி மூச்சு விட யாருக்கும் தடையில்லை.

வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் தொடங்குகிறோம். பாயும் சேலையும் எடுத்து வாங்க. பகல் சோற்றை நேரத்தோடு சாப்பிட்டிருங்க, நிறைந்த வயிற்றோடு செய்யக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகளும், நெஞ்சு வலி, சீனி வருத்தம் உள்ளவர்களும் முதலில் டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு வாங்க. மேல் லயத்து அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நாற்காலி ஒன்று அவருக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.