திங்களூரார் இட்ட பெயர்

(தைச் சதய நாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று தைத் திங்கள் சதய நன்னாள். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவராகிய அப்பூதியடிகள் நாயனாரின் குருபூசை நாள். அவர் வாழ்ந்த திங்களூர், திருவையாற்றுக்கு அணித்தே, காவிரி நீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கின்றது. அங்குள்ள கைலாசநாதர் திருக்கோயிலைச் சந்திரனுக்குரிய தலம் என்று கருதி வழிபட வருவோர் பலர். குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டுவதற்கென்று வருவோரும் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அக்கோயில் மண்டபத்தில் ஓர் இளந்தாய் தம் குழந்தைக்குச் சோறூட்டிக் கொண்டிருந்தார். "குழந்தையின் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிற்று. "ஆறு மாதமாகியும் பெயர் முடிவாகவில்லை ஐயா, பாப்பா என்றுதான் அழைக்கிறோம். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை வைத்தால் மற்றவருக்கு வருத்தம். யார் மனமும் நோகாமல் ஒரு பெயர் வைக்க வழி உண்டா?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு நான் தக்க விடை கூறவில்லை. காரணம், அப்போது என் வீட்டிலேயே அந்த வழக்கு நடந்து கொண்டிருந்தது. அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல விழைகின்றேன்.

குழந்தைக்குப் பெயரிடுவது நம் நாட்டில் ஒரு மங்கல நிகழ்ச்சி. பரப்பிய நெல்லின்மேல் பெயரை எழுதி, குழந்தையின் காதில் மும்முறை ஓதித் தொட்டிலில் இடுகின்றோம். அந்தத் தொட்டிலைச் சுற்றி நிற்பவர் அனைவருக்கும் ஒரு கருத்து உண்டு. பாட்டனாருக்குத் தம் தந்தையின் பெயர் வரவேண்டும். பாட்டியாருக்குக் குலதெய்வத்தின் பெயர் வரவேண்டும். சோதிடர் நட்சத்திர எழுத்தைச் சொல்வார். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு. எண்கணிதம் பார்ப்பவர் ஓர் எழுத்தைக் கூட்டு என்பார்; மற்றொருவர் ஓர் எழுத்தைக் குறை என்பார். பக்கத்து வீட்டார், "இந்தக் காலத்தில் இப்படியொரு பழைய பெயரா?" என்பார்கள்.

இவர்களில் எவரும் பகைவர் அல்லர். எல்லோரும் அன்பினாலேயே பேசுகின்றனர். பாட்டனாரின் வேண்டுகோளுக்குத் தமிழிலேயே ஆதாரம் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன். அதுவே பேரன் என்று மருவிற்று. ஆகவே பெரியோர் கருத்தை எள்ளி நகையாடுவதற்காக நான் இதைச் சொல்ல வரவில்லை. அத்தனை கருத்துகளையும் கேட்டபின், பெற்றோர் எதைப் பற்றி நிற்க வேண்டும் என்பதே கேள்வி. அதற்கு விடை தருபவர் நம் திங்களூர்ப் பெருமான்.

அப்பூதியடிகள் அந்தணர் குலத்தில் தோன்றியவர், இல்லறத்தில் வாழ்ந்தவர். சூலை நோய் தீர்ந்து சிவபெருமானின் திருவருளைப் பெற்ற திருநாவுக்கரசரின் பெருமையைக் கேள்வியால் மட்டுமே அறிந்தவர். நேரில் ஒருமுறையும் கண்டதில்லை. அத்திருநாவுக்கரசரோ வேளாளர் குலத்தில் தோன்றியவர். அப்படியிருக்க, அடிகள் தம் மூத்த மைந்தனுக்கு மூத்த திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். இளைய மைந்தனுக்கு இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். அதனோடும் அவர் அன்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்த முகக்கும் அளவைகளுக்கும், நிறைகோலுக்கும், பசுக்களுக்கும், எருமைகளுக்கும் அப்பெயரையே சூட்டினார். தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும், குளத்துக்கும், மடத்துக்கும் அதே பெயர். இவற்றையெல்லாம் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார்.

காவிரிக்குப் பொன்னி என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நம் உழவர்கள் ஒரு நெல்லுக்கும் வழங்குகின்றனர். சோறு தரும் ஆற்றின்மேல் உள்ள நன்றி அப்படிப் பேச வைக்கின்றது. அடிகள் செய்ததும் அத்தகையதே. நெஞ்சில் நிறைந்த நன்றி, கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் பெயராயிற்று.

இதற்கு உறவினர் என்ன சொன்னார்கள் என்று சேக்கிழார் பாடவில்லை. ஆயினும் நாம் எண்ணிப் பார்க்கலாம் அன்றோ? முன்னோர் பெயர் இல்லை; தம் குலத்தார் பெயர் இல்லை; முகமறியாத ஒருவரின் பெயர்; அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றே! நட்சத்திர எழுத்தைக் கொண்டு பார்த்திருந்தால் இரு மைந்தர்க்கும் ஒரே பெயர் அமைந்திருக்குமா? எட்டிப் பார்த்தவர் எல்லாம் ஒரு சொல் சொல்லியிருப்பர். அடிகளின் செவியில் அது ஏறவில்லை.

திருநாவுக்கரசர் திங்களூர் வழியே வந்தபோது தண்ணீர்ப் பந்தலில் தம் பெயரைக் கண்டார். அப்பூதியாரின் மனைக்குச் சென்று, "உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?" என்னும் பொருள்பட வினவினார். வந்தவர் யாரென்று அறியாத அடிகள் வெகுண்டார். தாம் தலைமேற்கொண்ட ஒருவரை வேறொருவர் என்று சொன்னதை அவரால் பொறுக்க இயலவில்லை. பின்னரே உண்மை உணர்ந்து அவர் திருவடியில் வீழ்ந்தார்.

இந்த வரலாற்றை நான் பல ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லி வந்தவன். கேட்போர் கண்ணீர் மல்கக் கேட்பர். அதைச் சொன்ன நானோ என் வீட்டில் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கின்றேன்.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் கூடிப் பேசி, திலகவதி என்று பெயரிட முடிவு செய்தனர். திருநாவுக்கரசரின் தமக்கையார் பெயர். சம்பந்தி வீட்டார் திடுக்கிட்டனர். "மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார். அதன்பின் அந்த அம்மையார் மணவாழ்வே காணவில்லை. அந்தப் பெயரையா பெண் குழந்தைக்கு வைப்பது?" என்றனர். அவர்களை நான் தடுத்தேனா? இல்லை. "அவர்கள் சொல்வதும் சரிதானே அம்மா, என் தாயார் பெயரை வைத்துவிடு, வழக்கு தீரும்" என்றேன். சமாதானம் செய்வது போலச் சொல்லி என் விருப்பத்தையும் நுழைத்துவிட்டேன்.

மகள் என்னை நோக்கி, "அப்பா, நீங்கள் மேடையில் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தப் பெயரை விரும்பினேன். தந்தையும் தாயும் இறந்தபின், தம் உயிரையும் துறக்கத் துணிந்த அம்மையார் தம்பிக்காக அல்லவா உயிர் தாங்கினார்? சூலை நோயோடு வந்த தம்பிக்குத் திருவதிகையில் திருநீறு தந்தவர் அவர் அல்லவா? அவர் இல்லையென்றால் நாவுக்கரசர் நமக்குக் கிடைத்திருப்பாரா? இதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கும். வீட்டுக்கு வந்தால் அது ஆகாத பெயராகி விடுமா?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. அவளே தொடர்ந்தாள்: "காரைக்காலில் பரமதத்தர் என்ன செய்தார் அப்பா? புனிதவதியாரைத் தெய்வம் என்று அஞ்சிப் பிரிந்தார். பாண்டி நாட்டில் வேறு மணம் செய்தார். அங்கே பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதியாரின் பெயரையே இட்டார். கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர் பெயர் என்று அவர் விலக்கவில்லையே. வணங்கத்தக்கவர் பெயர் என்றுதானே வைத்தார்?"

நாற்பது ஆண்டு புராணம் படித்தவனுக்குப் பெற்ற மகள் பாடம் சொன்னாள். திலகவதி என்ற பெயரையே தொட்டிலில் இட்டார்கள். நானும் சென்றிருந்தேன், ஆனால் மனம் முழுதும் ஒப்பவில்லை. சம்பந்தி வீட்டாருள் சிலர் வரவேயில்லை.

மூன்றாம் மாதத்தில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. தஞ்சையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே வந்து பார்த்த உறவினர் ஒருவர் என் காதோரம், "நான் அப்போதே சொன்னேன், இனியாவது பெயரை மாற்றுங்கள்" என்றார். மகளிடம் போய்ச் சொல்லலாம் என்று நானும் எழுந்தேன். அடி எடுத்து வைக்கும்போது அப்பூதியடிகளின் நினைவு வந்தது.

அன்பர்களே, அந்த வரலாற்றின் பிற்பகுதியை எண்ணிப் பாருங்கள். நாவுக்கரசருக்கு அமுது படைப்பதற்காக வாழைக் குருத்து அரியச் சென்றவன் மூத்த மைந்தன். அவனைப் பாம்பு தீண்டிற்று. விடம் தலைக்கேறும் முன் ஓடிவந்து குருத்தைத் தாயிடம் தந்து வீழ்ந்து மாண்டான். எந்தப் பெரியவரின் பெயரை அவனுக்கு இட்டார்களோ, அவர் வீட்டுக்கு வந்த அன்றே, அவருக்கு இலை கொணரச் சென்ற இடத்திலேயே மரணம். "பெயர் பொருந்தவில்லை" என்று சொல்ல இதைவிட ஒரு சான்று வேண்டுமா? அந்தப் பெற்றோர் அப்படி எண்ணவில்லை. பெரியவர் அமுது செய்வது தடைப்படுமே என்று அஞ்சி, மகனின் உடலைப் பாயில் சுருட்டி மறைத்தனர். அவரை அமுது செய்ய அழைத்தனர்.

மூத்த மைந்தன் எங்கே என்று நாவுக்கரசர் கேட்க, உண்மை வெளிப்பட்டது. அவர் அந்த உடலைத் திருக்கோயிலின் முன் கொணரச் செய்து, விடந்தீர்த்த திருப்பதிகத்தைப் பாடினார். உறங்கி எழுந்தவன் போல மைந்தன் எழுந்தான். பின்பு திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியடிகளைப் பெயர் சொல்லிச் சிறப்பித்தார் நாவுக்கரசர். அவர் பெயரை அடிகள் வீடெங்கும் எழுதினார். அடிகளின் பெயரை அவர் தேவாரத்தில் எழுதினார்.

மருத்துவமனையில் நான் எழுந்த இடத்திலேயே அமர்ந்துவிட்டேன். காய்ச்சலுக்கு மருந்து மருத்துவரிடம் இருக்கின்றது, பெயரில் இல்லை. சற்று நேரங்கழித்து மகளிடம் சென்றேன். "திலகவதி எப்படி இருக்கிறாள் அம்மா?" என்று கேட்டேன். அதுவரை நான் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததே இல்லை. மகள் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். மருத்துவரின் திறத்தாலும் திருவருளாலும் குழந்தை நலமுற்று வீடு திரும்பினாள்.

இதிலிருந்து நான் கற்றதைப் பெற்றோர்க்குச் சொல்கின்றேன். பெயரிடும் உரிமை உங்களுடையது. அதற்குரிய பொறுப்பும் உங்களுடையதே. நீங்கள் மெய்யாக வணங்கும் ஒருவரை, அல்லது உள்ளன்போடு போற்றும் ஒன்றைப் பெயராக்குங்கள். பிள்ளை வளர்ந்து, "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்கும் நாள் வரும். அன்று சொல்வதற்கு ஒரு வரலாறு உங்களிடம் இருக்க வேண்டும். கூட்டெண் சரியாக வந்தது என்பது குழந்தை நெஞ்சில் வைத்துக்கொள்ளும் விடை ஆகாது. பெரியாழ்வாரும் ஒரு திருமொழி முழுவதையும் இதற்கென்றே அருளியிருக்கின்றார். காசுக்கும் ஆடைக்கும் ஆசைப்பட்டுப் பிறர் மகிழப் பெயரிடாதீர்கள், திருமாலின் திருநாமத்தை இடுங்கள் என்பது அதன் கருத்து. ஆகவே பிறருக்காகப் பெயரிடும் இக்கட்டு நேற்று வந்தது அன்று.

பெரியோர் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள். பாட்டனார் பெயரை வீட்டில் அழைக்கும் பெயராக வைத்துக்கொள்ளலாம். எழுதவும் சொல்லவும் எளிதாக இருக்கின்றதா என்றும் பாருங்கள். கணவனும் மனைவியும் ஒருமனப்பட்டபின், அதை மற்றவரிடம் கேள்வியாகக் கொண்டு செல்லாதீர்கள். வணக்கத்தோடு செய்தியாகச் சொல்லுங்கள்.

அவசரமும் வேண்டியதில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெயர் முடிவாகாவிடில் பெயரின்றியே பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். எனினும் காலம் கடத்தாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் ஏறும் எழுத்துகளைச் சரிபார்த்து எழுதுங்கள்.

என் போன்ற முதியோருக்கும் ஒரு சொல். நம் கருத்தை ஒருமுறை சொல்வது கடமை. மறுமுறை சொல்வது வற்புறுத்தல். பெயர் இட்டபின் சொல்வது குழந்தைக்கு இழைக்கும் குறை. தொட்டிலில் இட்ட பெயர் எதுவாயினும், முதலில் அதை வாயார அழைப்பவர் நாமாக இருக்க வேண்டும்.

திங்களூர் மண்டபத்தில் என்னிடம் கேட்ட அந்தத் தாயார் இப்போது எங்கிருக்கின்றாரோ, அவர் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாரோ, நான் அறியேன். எல்லோர் மனமும் நோகாத பெயர் ஒன்று உண்டா என்று கேட்டார். இல்லை அம்மா, அப்படி ஒரு பெயர் இல்லை. நீங்கள் மனமார இட்ட பெயரை அன்போடு அழைத்து வாருங்கள். நொந்த மனங்களும் ஒருநாள் அதே பெயரைச் சொல்லி அழைக்கும். என் சம்பந்தியம்மாள் இன்று பேத்தியைத் தேடி வாயிலில் நின்று, "திலகம், திலகம்" என்று தெருக்கோடி வரை கேட்க அழைக்கின்றார்.

அப்பூதியடிகள் திருவடி வாழ்க. உங்கள் இல்லத்துக் குழந்தைகள் எல்லாம் நீடு வாழ்க.

திருச்சிற்றம்பலம்.